செம்பனை வந்த வழி

கிள்ளானைத் தாண்டி, காப்பார், ஜெராம் வழியாகக் கோல சிலாங்கூருக்குப் போகும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையைக் கடற்கரைச் சாலை என்கிறோம். ஆனால் அதில் கடல் கண்ணில் படுவது அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான். நெடுகக் கூடவே வருவது செம்பனை. பள்ளி விடுமுறையில் நானும் மனைவியும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து காரில் கிளம்பினோம். ஜெராமில் மீன் சாப்பிட்டுவிட்டு, கோல சிலாங்கூரில் இரவு தங்கி, மறுநாள் செகிஞ்சான் வயல்வெளியைப் பார்த்துத் திரும்புவது திட்டம். மாலையில் புக்கிட் மெலாவத்திக் குன்றில் ஏறினோம். கலங்கரை விளக்கத்தின் பக்கமிருந்து பார்த்தால் கீழே அலையாத்திக் காடு, அதற்கப்பால் மலாக்கா நீரிணை. திரும்பி நிலத்தைப் பார்த்த மனைவி கேட்டாள்: "அம்மா சின்னப் பிள்ளையா இருந்தப்ப இந்தப் பக்கமெல்லாம் பால்மரமும் தென்னையும்தான்னு சொல்வாங்க. இந்தச் செம்பனை எங்கிருந்துங்க வந்துச்சு?"

மறுநாள் செகிஞ்சானுக்குப் போவதற்கு முன் காரை உள்நாட்டுப் பக்கம் திருப்பினோம். சிலாங்கூர் ஆற்றை ஒட்டிய வழியில் போனால் பெஸ்தாரி ஜெயா. பெரியவர்கள் இன்றும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்கிறார்கள். அந்த வட்டாரத்தில் இருக்கிறது தென்னமரம் தோட்டம். 1917ஆம் ஆண்டு மலாயாவில் முதன்முதலாக வணிக நோக்கோடு செம்பனை பயிரிடப்பட்டது இங்கேதான். இன்று நாடு முழுவதும் 50 லட்சம் ஹெக்டருக்கு மேல் பரந்திருக்கும் ஒரு பயிரின் முதல் தோட்டம், தமிழ்ப் பெயரோடு ஆவணங்களில் நிற்கிறது. சாலையோரத்தில் காரை நிறுத்திவிட்டு இருவரும் வெகுநேரம் அந்த மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கோலாலம்பூர் திரும்பியதும் நூல்களைத் தேடத் தொடங்கினேன். முதலில் கிடைத்த பெயர் ஆன்றி ஃபோக்கோனியே. பிரான்சின் பார்பெசியே என்ற சிற்றூரில் 1879இல் பிறந்தவர். 1905இல் மலாயாவுக்கு வந்து, கிள்ளான் வட்டாரத்தில் ஒரு தோட்டத் துரையிடம் தொழில் பழகினார். அங்கேயே மலாயும் தமிழும் கற்றார். தமிழ் தெரியாமல் அன்று துரைகள் தோட்டம் நடத்துவது கடினம். அடுத்த ஆண்டு சிலாங்கூர் ஆற்றின் கரைப்பக்கம் ரந்தாவ் பாஞ்சாங்கில் காடழித்து ரப்பர்த் தோட்டம் போட்டார். பின்னாளில் இந்த மண்ணின் வாழ்க்கையை வைத்து 'மலேசி' என்ற நாவல் எழுதி, 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றார். தோட்டத்துத் தமிழர்களும் அந்த நாவலில் வருகிறார்கள்.

ஃபோக்கோனியேவுக்குச் செம்பனை விதை கொடுத்தவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஆட்ரியான் ஹாலே. 1911இல் சுமாத்ராவில் செம்பனையைப் பெரிய அளவில் பயிரிடத் தொடங்கியவர் இவர். அதே ஆண்டில் சில மூட்டை விதைகளை நண்பருக்கு அனுப்பினார். அவை முதலில் ரந்தாவ் பாஞ்சாங்கில் முளைத்தன. பிறகு தென்னமரத்தில், காப்பி சரியாக வராத நிலத்தில், முறையான தோட்டமாயின.

சுமாத்ராவுக்கு விதை வந்த வழி இன்னும் பழையது. செம்பனையின் தாய்நிலம் மேற்கு ஆப்பிரிக்கா. 1848இல் ஜாவாவின் போகோர் தாவரவியல் பூங்காவுக்கு நான்கு கன்றுகள் வந்து சேர்ந்தன. அவற்றின் வழித்தோன்றல்கள் சுமாத்ராவின் டெலிப் பகுதிக்குப் போய், புகையிலைத் தோட்டங்களின் பாதையோரங்களில் அழகுக்காக நின்றன. அந்த மரங்களின் விதைதான் பின்னர் வணிகப் பயிரானது. கடற்கரைச் சாலையின் இருபுறமும் நாங்கள் பார்த்த மரங்களின் வேர் அந்த நான்கு கன்றுகள் வரை போகிறது.

இதுவரை எழுத்தில் இருக்கிறது. நூலகத்தில் உட்கார்ந்தால் யாரும் எடுத்துவிடலாம். ஆனால் 1914இல் முதல் உலகப் போர் மூண்டதும் ஃபோக்கோனியே பிரான்சுக்குப் போய்ப் படையில் சேர்ந்துவிட்டார். போர் நடந்துகொண்டிருந்த 1917இல் தென்னமரத்தில் குழி வெட்டியவர், கன்று நட்டவர், களை பிடுங்கியவர் யார்? நான் புரட்டிய பக்கங்களில் அவர்கள் 'தொழிலாளர்கள்' என்ற ஒற்றைச் சொல்லாகவே வருகிறார்கள்.

கிள்ளானில் இருக்கும் அத்தையிடம், என் மனைவியின் அம்மாவிடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைச் சொன்னோம். அவர் காப்பார்ப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். பிள்ளைப் பருவத்தில் ஆயாக்கொட்டகையில் வளர்ந்து, பெரியவளானதும் பால்மரம் சீவியவர். 1960களில் செயற்கை ரப்பரின் போட்டியால் ரப்பர் விலை இறங்க, அரசாங்கமும் தோட்ட நிறுவனங்களும் செம்பனைக்கு மாறின. அவருடைய தோட்டத்திலும் பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள்.

"அப்ப நான் பூவுக்கு மாவு அடிக்கிற வேலைதான் செஞ்சேன்" என்றார் அத்தை. மனைவியே அதை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டாள்.

செம்பனையில் ஆண்பூங்கொத்தும் பெண்பூங்கொத்தும் தனித்தனி. ஒரே மரத்தில் இரண்டும் வந்தாலும் வெவ்வேறு காலத்தில் வரும். இளம் மரங்களில் பெரும்பாலும் பெண்பூவே மிகுதி. ஆப்பிரிக்காவில் மகரந்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பூச்சி அன்று இங்கே இல்லை. அதனால் 1970களில் பல தோட்டங்களில் ஆண்பூவிலிருந்து மகரந்தத்தை உதிர்த்து, காயவைத்து, டால்கம் தூளோடு கலந்து, பெண்பூவில் கையால் தூவினார்கள். தோட்டக் கணக்கில் அதற்கு 'துணை மகரந்தச் சேர்க்கை' என்று பெயர். அத்தையும் அவரோடு பெரட்டுக்கு நின்ற பெண்களும் வருடம் முழுக்கச் செய்த வேலை அது.

"மரம் நம்ம இடுப்பு ஒசரம் இருக்கும். குனிஞ்சு, மட்டையை ஒதுக்கி, பாளை விரிஞ்சிருக்கான்னு பார்க்கணும். முள்ளு கையைக் கிழிச்சிரும். இன்னிக்கு விட்டோம்னா ரெண்டு நாள்ல பூ கறுத்துப் போயிரும், குலை காய் பிடிக்காது. அதனால ஒவ்வொரு நிரையையும் திரும்பத் திரும்பச் சுத்தி வரணும்." பூ தயாராகிவிட்டதை எப்படித் தெரிந்துகொள்வீர்கள் என்று மனைவி கேட்டாள். "சோம்பு வாசம் வரும்மா. கிட்டப் போனாலே தெரியும்."

அன்றிரவு மறுபடியும் நூல்களைத் திறந்தேன். செம்பனை காற்றினால் மகரந்தச் சேர்க்கை பெறும் மரம் என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. யூனிலீவர் நிறுவனத்தின் லெஸ்லி டேவிட்சன், கேமரூனில் கை உதவியே இல்லாமல் குலைகள் நிறைவதைக் கண்டு அந்த எண்ணத்தைச் சந்தேகித்தார். அவர் தூண்டுதலில் பூச்சியியல் அறிஞர் ரஹ்மான் சையது கேமரூனில் ஆராய்ந்து, வேலையைச் செய்வது ஒரு சிறு கூன்வண்டு என்று காட்டினார். எலெய்டோபியஸ் கேமரூனிகஸ் என்ற அந்த வண்டு 1981ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஜொகூரில் விடப்பட்டது. ஓரிரு ஆண்டுகளில் தீபகற்பம் முழுவதும் பரவியது. குலைகள் பெருத்தன. கையால் தூவும் வேலை நின்றது. வண்டை அந்தப் பூவுக்கு இழுப்பது எது என்று தேடினேன். அதே சோம்பு மணம்தான்.

இதைப் படித்தபோது எனக்குள் ஏற்பட்ட மதிப்பைச் சொல்லியே ஆக வேண்டும். ஆய்வுக்கூடம் பார்த்திராத அத்தையும் அவருடைய தோழிகளும் அந்த மணத்தை முகர்ந்து, சரியான நாளில் சரியான பூவுக்குப் போனார்கள். ஆப்பிரிக்கக் காட்டில் ஒரு பூச்சி செய்த வேலையைப் பல ஆண்டுகள் இந்த மண்ணில் அவர்கள் செய்தார்கள். இந்த நாட்டின் செம்பனைத் தொழில் வளர்ந்து எழுந்த காலம் அது. மில்லுக்குப் போன குலைகளில் அவர்கள் கை பட்டவை எத்தனையோ இருந்தன. அது தேர்ச்சி மிக்க வேலை. நாட்கூலியில் அந்தத் தேர்ச்சிக்கு இடமில்லை.

வண்டு வந்தபின் அத்தையைக் கொட்டை பொறுக்கும் வேலைக்கு மாற்றினார்கள். பால்மரத்துக்குத் தேவைப்பட்ட அளவு ஆள் செம்பனைக்குத் தேவைப்படவில்லை. லயத்து வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. பின்னர் கிள்ளானைச் சுற்றிய தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாயின. அத்தையின் தலைமுறை அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தது. இன்று கிள்ளானிலும் காப்பாரிலும் இருக்கும் நம் குடும்பங்களில் பாட்டிகளிடம் கேட்டால், மாவு அடித்தவர் ஒருவராவது இருப்பார் என்றே நம்புகிறேன்.

செம்பனையின் வரலாற்றில் விதை அனுப்பியவருக்குப் பெயர் இருக்கிறது. நட்ட தோட்டத்துக்கும் துரைக்கும் பெயர் இருக்கிறது. வண்டுக்குக்கூட லத்தீனில் இரட்டைப் பெயரும் வந்து இறங்கிய ஆண்டும் இருக்கின்றன. 1917க்கும் 1981க்கும் இடையில் இந்த மரத்தைக் காய்க்கவைத்த பெண்களின் பெயர்கள் மட்டும் அந்த வரலாற்றில் ஏறவில்லை. பெயர்கள் இல்லாமலும் இல்லை. தினமும் பெரட்டில் கூப்பிட்டுச் செக்ரோலில் குறித்த பெயர்கள்தான் அவை. பழைய செக்ரோல்கள், சம்பளச் சீட்டுகள், தோட்டத்துத் திருவிழாப் படங்கள் யார் வீட்டுப் பெட்டியிலாவது கிடக்கும். தோட்டம் விற்கப்படும்போது கிராணியார் வீட்டுக்கு எடுத்துப் போனவையாக இருக்கலாம், கோயில் கமிட்டி காத்து வைத்தவையாக இருக்கலாம். அவற்றைத் தூக்கி எறியாதீர்கள். பல்கலைக்கழக நூலகங்களுக்கும் ஆவணக் காப்பகத்துக்கும் ஒரு படியாவது போய்ச் சேரட்டும்.

மனைவி இப்போது அத்தையிடம் கேட்டு எழுதிவருகிறாள். மகரந்தம் உதிர்த்த முறை, காயவைத்த இடம், நாளொன்றுக்குச் சுற்றிய நிரைகள், உடன் வேலை செய்த ஒவ்வொருவரின் பெயர், அவர்கள் இப்போது இருக்கும் ஊர். அவர்களில் சிலர் தஞ்சோங் காராங்கிலும் சபாக் பெர்ணமிலும் பிள்ளைகளோடு இருக்கிறார்களாம். அடுத்த விடுமுறைக்கு அதே கடற்கரைச் சாலையில் அவர்களைத் தேடிப் போகிறோம். அத்தையும் எங்களோடு வருகிறார்.