கொனோமாவின் கற்கள்

திமாப்பூரிலிருந்து கொஹிமாவுக்கு 74 கிலோமீட்டர். ஆள் சேர்ந்ததும் கிளம்பும் சுமோவில் நடு வரிசையில் இடம் கிடைத்தது. வழியில் ஒரு சாவடியில் வண்டியை நிறுத்தி, வெளியூர்க்காரன் நான் ஒருவன்தான் என்பதால் என் அனுமதிச் சீட்டை மட்டும் வாங்கிப் பார்த்தார்கள். இன்னர் லைன் பெர்மிட். 1873இல் ஆங்கிலேயர் மலையடிவாரத்தில் இழுத்த கோடு அது. தேயிலைத் தோட்டக்காரர்களும் வியாபாரிகளும் மலைக்குள் புகுந்து வம்பை விலைக்கு வாங்கக் கூடாது என்பதற்காகப் போட்டது. போட்டவர்கள் போய் எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. கோடு அப்படியே இருக்கிறது.

சீட்டை மடித்துப் பைக்குள் வைக்கும்போது பக்கத்தில் இருந்த பெரியவர் கேட்டார்: "இந்தியாவிலிருந்தா வருகிறீர்கள்?"

அவர் குரலில் கேலி இல்லை, சண்டைக்கு இழுக்கும் தொனியும் இல்லை. "மதுரையிலிருந்தா?" என்று நம் ஊர்ப் பேருந்தில் கேட்பது போலத்தான் கேட்டார். "ஆமாம்" என்றேன். அந்த ஒரு சொல் மலைப்பாதை முழுக்க எனக்குள் உறுத்திக்கொண்டே வந்தது. "நீங்களும் இந்தியாதானே" என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. எந்த உரிமையில் சொல்வது என்று தெரிந்துகொள்ளத்தான் நான் கொனோமாவுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

கொஹிமாவில் இரண்டு நாள். 1944 போரில் மாண்டவர்களின் கல்லறைத் தோட்டத்தை எல்லோரும் பார்ப்பது போல நானும் பார்த்தேன். பிறகு ஃபிசோவின் சமாதிக்குப் போனேன். நாகா தேசிய கவுன்சிலின் தலைவர்; 1960இல் லண்டன் போய்ச் சேர்ந்தவர், 1990இல் அங்கேயே இறந்து, உடலாகத்தான் ஊர் திரும்பினார்.

அவர் பிறந்த ஊர்தான் கொனோமா. கொஹிமாவிலிருந்து மேற்கே இருபது கிலோமீட்டர். அங்காமி நாகாக்களின் ஊர். மலைச்சரிவில் படிப்படியாக நெல் வயல். அதற்கு மேலே ஆல்டர் மரங்கள். ஆள் உயரத்துக்கு விட்டு மரத்தின் தலையை வெட்டிவிடுகிறார்கள். வெட்டிய இடம் முஷ்டி போலப் புடைத்து, அதிலிருந்து கொத்துக் கொத்தாக இளங்கிளை கிளம்புகிறது. வேர் மண்ணுக்கு உரமாகிறது. மரத்தைக் கொல்லாமலே காட்டு விவசாயம் செய்யும் இந்த முறை அவர்கள் பாட்டன் பூட்டன் காலத்தது. ஒரு மரத்தைத் தொட்டுப் பார்த்தேன். வெட்டுத் தழும்பின் மேல் தழும்பாக ஏறி, பட்டை கல்லாக இறுகிக் கிடந்தது.

நான் தங்கிய வீட்டுக்கார அம்மா இரவு கல்ஹோ பரிமாறினார். கீரையும் அரிசியும் குழையக் குழைய வேக வைத்த கஞ்சி. அடுப்பின் மேல் பரணில் இறைச்சி புகையில் தொங்கிக்கொண்டிருந்தது. "ஊரைச் சுற்றிப் பார்க்க வேண்டுமென்றால் கற்களைப் பாருங்கள், எல்லாம் அதில் இருக்கிறது" என்றார்.

காலையில் பார்த்தேன். நம் நடுகல் நினைவுக்கு வராமல் இருக்காது. இங்கேயும் கல் நடுகிறார்கள்: ஊருக்கு விருந்து படைத்தவனுக்கு, சண்டையில் விழுந்தவனுக்கு. மேட்டில் பழைய கோட்டைக் கற்சுவர். 1879 அக்டோபரில் நாகா மலைகளின் ஆங்கிலேய அதிகாரி டாமண்ட் இந்த ஊர் வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த மாதமே படை வந்தது. ஊர் மக்கள் கோட்டையை விட்டு மேலே மலைமுகட்டுக்கு ஏறி, குளிர்காலம் முழுக்கத் தாக்குப்பிடித்து, 1880 மார்ச்சில்தான் இறங்கி வந்தார்கள். கோட்டையில் அந்தச் சண்டையில் இறந்த ஆங்கிலேய அதிகாரிகளுக்கும் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. தங்களைத் தாக்க வந்தவனின் கல்லை அவர்கள் பிடுங்கி எறியவில்லை.

அந்தச் சுவரில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. 1880இல் வெள்ளைக்காரன் உடன்பாடு செய்துகொண்டது நாகாக்களோடு அல்ல, கொனோமாவோடு. ஒவ்வொரு ஊரும் தனக்குத்தானே அரசு. பக்கத்து ஊரோடு சண்டையும் சமாதானமும் அந்தந்த ஊரின் தீர்மானம். கொனோமாவுக்குள்ளேயே மூன்று கெல்கள், அதாவது மூன்று குலக் குடியிருப்புகள். ஒவ்வொன்றுக்கும் தனி வாசல். "நாங்கள் ஒருவருக்கும் கட்டுப்பட்டதில்லை" என்று இவர்கள் சொல்வது இந்தப் பொருளில் முழு உண்மை. "நாகா என்றொரு நாடு அன்று இருந்ததில்லையே" என்று மறுப்பவர்கள் சொல்வதும் உண்மைதான். ஆனால் அந்த மறுப்பை அதற்கு மேல் இழுத்துக்கொண்டு போக முடியாது. நாகா என்ற உணர்வு பிந்தியது என்பதால் அது பொய்யாகிவிடுமா? அப்படிப் பார்த்தால் இந்தியன் என்ற உணர்வுக்கு வயது எத்தனை?

1929இல் சைமன் குழு கொஹிமாவுக்கு வந்தபோது நாகா கிளப்பைச் சேர்ந்த இருபது பேர் கையெழுத்திட்டு ஒரு மனு கொடுத்தார்கள். எங்களைப் புதிய சீர்திருத்தத்தில் சேர்க்காதீர்கள். நீங்கள் போவதாக இருந்தால் எங்களை முன்போலவே விட்டுவிட்டுப் போங்கள் என்பது அதன் சாரம். வெவ்வேறு மொழி பேசுகிற, ஒருவர் தலையை ஒருவர் வெட்டிக்கொண்டிருந்த குலங்கள் ஒரே தாளில் பேசிய முதல் பேச்சு அது.

வழக்கு முழுவதும் இன்னொரு தாளில் சிக்கிக் கிடக்கிறது. 1947 ஜூனில் அசாம் ஆளுநர் அக்பர் ஹைதரிக்கும் நாகா தேசிய கவுன்சிலுக்கும் கொஹிமாவில் ஒன்பது அம்ச உடன்பாடு ஏற்பட்டது. ஒன்பதாவது அம்சம்: பத்தாண்டுகள் இது சரியாக நடப்பதை இந்திய அரசின் சார்பில் ஆளுநர் பார்த்துக்கொள்வார், அதன் பிறகு உடன்பாட்டை நீட்டிப்பதா, நாகா மக்களின் எதிர்காலம் பற்றிப் புதிய உடன்பாடு காண்பதா என்று கவுன்சிலைக் கேட்பார்கள். "எதிர்காலம்" என்பதற்குள் பிரிந்து போவதும் அடக்கம் என்று கவுன்சிலில் பலர் படித்தார்கள். இந்தியாவுக்குள் எப்படி இருப்பது என்பது மட்டுமே அதன் பொருள் என்று டெல்லி படித்தது. தாள் ஒன்று, படிப்பு இரண்டு. அடுத்த மாதமே நாகா தூதுக்குழு டெல்லியில் காந்தியைப் பார்த்தது. கட்டாயப்படுத்தி யாரையும் சேர்க்க மாட்டோம் என்று அவர் சொன்னதை இன்றும் இங்கே நேற்றுக் கேட்டது போலச் சொல்கிறார்கள். ஆகஸ்ட் 14 அன்று, இந்தியாவுக்கு ஒரு நாள் முன்பு, கவுன்சில் தன் சுதந்திரத்தை அறிவித்தது. டெல்லி அதைக் கணக்கில் எடுக்கவில்லை. பத்தாண்டு முடிந்து அந்தக் கேள்வியைக் கேட்கவேண்டிய 1957க்குள் மலை முழுக்கத் துப்பாக்கிச் சத்தம். 1958இல் ஆயுதப் படைகள் சிறப்பு அதிகாரச் சட்டம் வந்தது. கேள்வி கேட்கப்படவே இல்லை. இதில் டெல்லி மேல்தான் எனக்கு வருத்தம் அதிகம். கையெழுத்திட்ட தாளின் பொருள் பிடிக்கவில்லையென்றால் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்.

ஊருக்குள் இறங்கும் வழியில் கிரிசானிசா சேயியின் நினைவிடம். நாகாக்களின் கூட்டாட்சி அரசுக்கு முதல் தலைவராக இருந்தவர். நாகாக்கள் இந்தியர் அல்லர், அவர்கள் மண் இந்திய ஒன்றியத்தில் சேர்ந்ததல்ல என்ற பொருளில் ஆங்கிலத்தில் வெட்டியிருக்கிறார்கள். அதைப் படித்தபோது கோபம் வரவில்லை, அந்நியமாகத்தான் இருந்தது. பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

கொனோமா ஃபிசோவின் ஊர் மட்டுமல்ல, சாக்ரியின் ஊரும்தான். டி. சாக்ரி கவுன்சிலின் செயலாளர். சுதந்திரம் வேண்டும், ஆனால் ஆயுதம் வேண்டாம் என்று நின்றவர். 1956 ஜனவரியில் அவரைக் கொன்றது இந்தியப் படையல்ல, சொந்த இயக்கத்துக்காரர்கள். "அந்தக் கதையை மட்டும் இந்த ஊரில் யாரும் உரக்கப் பேச மாட்டோம்" என்றார் வீட்டுக்கார அம்மா. "இரண்டு வீட்டாரும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்க வேண்டியவர்கள்."

அதற்குப் பிறகு நடந்தவை பலருக்கும் தெரிந்தவை. 1963 டிசம்பர் 1 அன்று நாகாலாந்து மாநிலம் பிறந்தது. ஆனால் அதன் விவகாரங்களைப் பல ஆண்டுகள் கவனித்தது உள்துறை அல்ல, வெளியுறவு அமைச்சகம். சொந்த மாநிலத்தை வெளியுறவுக்குள் வைத்த அரசே, அங்கே வழக்கு ஒன்றும் இல்லை என்றும் சொன்னது. 2015 ஆகஸ்ட் 3 அன்று ஒரு கட்டமைப்பு உடன்பாடு கையெழுத்தானது. அரசுத் தரப்பில் கையெழுத்திட்டவர் ஆர். என். ரவி, பின்னாளில் நாகாலாந்துக்கும், 2021இல் நமக்கும் ஆளுநராக வந்தவர். தனிக் கொடி, தனி அரசியல் சாசனம் என்ற இடத்தில் அந்தப் பேச்சு முட்டி நின்றது.

கிளம்பும் நாள் மாலை, வீட்டுக்கார அம்மா தன் மாமாவிடம் அழைத்துப் போனார். எண்பது வயதுக்கு மேல் இருக்கும். வாசற்கல்லில் உட்கார்ந்து மூங்கில் சீவிக்கொண்டிருந்தார். 1951 பற்றிக் கேட்டேன். அந்த ஆண்டு மே 16 அன்று கவுன்சில் பொது வாக்கெடுப்பைத் தொடங்கி, ஊர் ஊராகப் போய்த் தாளில் பெருவிரல் ரேகை வாங்கியது. 99 சதவீதத்துக்கு மேல் சுதந்திரத்துக்கே என்று அறிவித்தது. ஒரு கட்சியே நடத்தி ஒரு கட்சியே எண்ணியது, மலை முழுவதையும் எட்டவில்லை என்று மறுப்பார்கள். அந்த மறுப்பில் நியாயம் உண்டு. ஆனால் நடுநிலையாக இன்னொரு வாக்கெடுப்பு நடத்திக் காட்ட டெல்லியும் முன்வரவில்லை.

பெரியவர் அங்காமியில் சொல்ல, அம்மா எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார். "அப்போது எனக்கு எட்டு வயது. அம்மா வயலிலிருந்து வந்திருந்தாள், கை முழுக்கச் சேறு. சேற்றோடு வைத்தால் ரேகை விழாது என்று கையைக் கழுவச் சொன்னார்கள். கழுவிவிட்டு வந்து வைத்தாள். மை போகவில்லை என்று சாம்பலைப் போட்டுத் தேய்த்தாள். இரண்டு நாள் ஆயிற்று."

சீவிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தார். தன் வலது பெருவிரலை என் முன்னால் நீட்டி, நகத்துக்குக் கீழே இடது கையால் தொட்டுக் காட்டினார்.

"இங்கே வரைக்கும் நீலம்."

பிறகு என்னிடம் நேராக ஒரு கேள்வி கேட்டார். அம்மா உடனே சொல்லவில்லை; கொஞ்சம் தயங்கி, அப்புறம் சொன்னார்: "அந்தத் தாள்களை உங்கள் பக்கத்தில் யாராவது பிரித்துப் பார்த்தார்களா என்று கேட்கிறார்."