அலுங்காமல் குலுங்காமல் திருச்சுழிக்கு!

திருச்சுழிக்கு நாங்கள் இரண்டு தடவை புறப்பட்டோம். முதல் தடவை ஊர் போய்ச் சேரவில்லை. வண்டி பழுதாகவில்லை, வழி தவறவில்லை, டீசலும் தீரவில்லை. அம்மாவின் முதுகுதான் அதற்குமேல் இடம் கொடுக்கவில்லை.

அம்மா பிறந்த ஊர் திருச்சுழி. முதுகெலும்பில் ஒரு வட்டு விலகி, ஓராண்டாகப் படுக்கையும் பெல்ட்டுமாக இருந்தவள். "எழுந்து நடமாடினால் துணைமாலை அம்மன் சந்நிதியில் வந்து நிற்கிறேன்" என்று வேண்டிக்கொண்டிருந்தாள். எழுந்து நடமாடினாள். டாக்டரும், "போய் வாருங்கள், ஆனால் உடம்பு அதிரக்கூடாது" என்று அனுமதி கொடுத்துவிட்டார். நம்மிடம்தான் யானை மாதிரி ஒரு வண்டி இருக்கிறதே! அதிர்ச்சியாவது, மண்ணாவது!

அந்த யானையைப் பற்றி ஒரு வார்த்தை. நாலு பேர் போகிற சாதாரணக் கார் அல்ல. ஏழு பேர் ஏறி உட்காரக்கூடிய, ஏறும்போது ஒரு கை பிடித்துவிட வேண்டிய, உயரமான வண்டி. வாங்கி வந்தபோது 17 அங்குலச் சக்கரம் போட்டிருந்தது. சக்கரம் பெரிதாக இருந்தால் வண்டிக்கு ஒரு கம்பீரம் உண்டு என்று நண்பர்கள் சொன்னார்கள். ஆகவே 19 அங்குலத்தில், பளபளவென்று ஐந்து இதழ் பூப்போல் ஓர் அலாய் சக்கரம் பூட்டினேன். பழையதைக் கடைக்காரரே எடுத்துக்கொண்டார். "அழகாய்த்தான் இருக்கிறது" என்றாள் என் சகதர்மிணி. அந்த "தான்" என்ற சொல்லில் இருந்த எச்சரிக்கை எனக்கு அப்போது புலப்படவில்லை.

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை ஏறக்குறைய 50 கிலோமீட்டர். காரியாபட்டி வழியாகத் தூத்துக்குடிக்குப் போகும் நாலு வழிச் சாலை. எவ்வளவு நல்ல சாலையானாலும் பாலத்துக்குப் பாலம் ஒரு இணைப்பு இருக்குமல்லவா? அங்கெல்லாம் "டொக்!" என்று ஒரு சத்தம் கேட்கும். அம்மா "அம்மா!" என்பாள். அருப்புக்கோட்டையில் தறிச் சத்தத்தையும் மல்லிகைப் பூவையும் கடந்து கிழக்கே திரும்பினோம். இன்னும் 15 கிலோமீட்டர்தான்.

அங்கேதான் கரிசல் தன் கைவரிசையைக் காட்டியது.

கரிசல் மண்ணை நகரவாசிகள் பார்த்திருக்க மாட்டார்கள். மழை பெய்தால் குடித்த தண்ணீரில் ஊதிப் பெருக்கும். கோடையில் காய்ந்து சுருங்கி, உள்ளங்கை நுழையும்படி வெடித்துக் கிடக்கும். பருத்திக்கு நல்லது, பாதைக்குப் பகை. தார் போட்டு அமுக்கி வைத்தாலும் கீழே மண் மூச்சு விட்டுக்கொண்டேயிருக்கிறது. ஓரத்தில் ஈரம் ஏறும்போது ஓரம் எழும்பும், காயும்போது இறங்கும். நாளடைவில் சாலையே கடலலை மாதிரி ஆகிவிடுகிறது. இதற்காகத்தான் சாலை போடும் எஞ்சினீயர்கள் கரிசலில் சுண்ணாம்பு கலந்து மண்ணின் குணத்தை மாற்றிக்கொள்கிறார்கள். இல்லாவிட்டால் எத்தனை முறை போட்டாலும் அலை திரும்ப வந்துவிடும்.

ஐந்தாறு கிலோமீட்டர் போயிருப்போம். பின்னால் அம்மாவின் முகம் வெளுத்திருந்தது. "என்னை ஏதாவது பஸ்ஸிலே ஏத்தி விட்டுடுப்பா" என்றாள். சாலையோர டீக்கடையில் நிறுத்தி, பெஞ்சில் படுக்க வைத்தோம்.

டீக்கடையில் ஒரு பெரியவர், தோளில் துண்டும் வாயில் வெற்றிலையுமாக என் சக்கரத்தைச் சுற்றி வந்து பார்த்தார். பாராட்டப் போகிறார் என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

"ஏன் தம்பி, ரப்பரையே காணோமே? எங்க கட்டை வண்டிக்கு இரும்புப் பட்டா கட்டினாப்பில இல்ல இருக்கு!"

அம்மன் கோயில் கோபுரம் கண்ணில் படாமலே மதுரைக்குத் திரும்பினோம். அம்மா பத்து நாள் படுத்த படுக்கை. வேண்டுதலைப் பாதி வழியில் விட்டுவிட்டு வந்தோமே என்கிற துயரம் வேறு. முதுகு வலியைவிட அதைத்தான் பெரிதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

*

பெரியவரின் வார்த்தை மனத்தைவிட்டு அகலவில்லை. பட்டா என்று அவர் சொன்னது, மரச் சக்கரத்தின் மேல் பூட்டுகிற இரும்பு வளையம். நெருப்பில் செக்கச் செவேலென்று காய்ச்சி, வட்டையின் மேல் இறக்கித் தண்ணீரை ஊற்றினால், இரும்பு சுருங்கி மரத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சக்கரம் பல ஆண்டு உழைக்கும். ஆனால் பாதையில் கிடக்கிற ஒவ்வொரு கல்லும் வண்டியில் உட்கார்ந்திருப்பவரின் முதுகுத் தண்டோடு நேரில் பேசும். அந்தப் பேச்சைக் குறைக்கத்தான் வசதியுள்ளவர்கள் வில் வண்டி வைத்திருந்தார்கள். கீழே இரும்பு வில், உள்ளே வைக்கோல், அதன்மேல் ஜமக்காளம். "அருப்புக்கோட்டையிலே ஏறினா தூங்கிக்கிட்டே திருச்சுழி போயிடுவோம்" என்று அம்மா தன் சிறு வயதைச் சொல்வாள்.

காற்று அடைத்த டயருக்கு 1845-லேயே தாம்ஸன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் உரிமை வாங்கிவிட்டார். உலகம் கவனிக்கவில்லை. 1888-ல் பெல்பாஸ்ட் நகரில் டன்லப் என்ற மாட்டு வைத்தியர், கல் பாவிய தெருவில் தம் மகனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்குவதைப் பொறுக்காமல், ரப்பர்க் குழாயில் காற்றடைத்து அதில் சுற்றிக் கொடுத்தார். உலகம் விழித்துக்கொண்டது. பிற்பாடு நம் கட்டை வண்டியும் டயர் வண்டியாயிற்று. அந்தத் தகப்பனார் பிள்ளை அதிராமல் போக வழி செய்தார்; நானோ பெற்ற தாயை அதிர வைக்கக் காசு கொடுத்திருக்கிறேன்!

எங்கள் பேட்டை மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டு போனேன். சகதர்மிணியும் கூடவே வந்தாள். இந்தத் தடவை என்னைத் தனியாக அனுப்ப அவளுக்கு மனமில்லை.

"வண்டி இரண்டு விதமாக வேதனைப்படுத்தும் சார்" என்றார் அவர். "டொக் டொக்கென்று இடித்தால் டயரைப் பாருங்கள். தொட்டில் மாதிரி தூக்கித் தூக்கி ஆட்டினால் ஷாக் அப்ஸார்பரைப் பாருங்கள். உங்களுக்கு இரண்டும் இருக்கிறது."

முதலில் காற்றை அளந்தார். 42 இருந்தது. கதவைத் திறந்து, டிரைவர் பக்கத்துத் தூணில் ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினார். அதில் போட்டிருந்தது 33! பெட்ரோல் நிலையத்துப் பையன் "கொஞ்சம் ஜாஸ்தியாகவே இருக்கட்டும் சார்" என்று அன்பாக அடித்துவிட்டது. அந்தச் சீட்டு இத்தனை நாளும் அங்கேயே இருந்திருக்கிறது. நான் படித்ததில்லை. காற்றை அளக்க வேண்டியது காலையில், வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்னால். ஓடிய பின் அளந்தால் கணக்கு ஏறித்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடவும் கூடாது.

பிறகு வண்டியின் பின் மூலையை இரண்டு கையாலும் அமுக்கி விட்டார். ஒரு முறை எழும்பி நிற்க வேண்டியது, மூன்று முறை ஆடிற்று. குனிந்து பார்த்தால் ஷாக் அப்ஸார்பர் எண்ணெய் கசிந்து புழுதி அப்பிக் கிடந்தது. கரிசல் அலைகளில் எங்களைத் தூக்கித் தூக்கிப் போட்டவர் இவர்தான். பின்பக்கம் இரண்டையும் ஜோடியாக மாற்றினோம்.

மிச்சம் இருந்தது டயர். இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். சமையலறைக் கணக்கைவிடச் சுலபமானதுதான்.

டயரின் பக்கவாட்டில் 235/55 R19 என்று எழுதியிருந்தது. 235 என்பது அகலம், மில்லிமீட்டரில். 55 என்பது அந்த அகலத்தில் நூற்றுக்கு 55 பங்கு உயரம். அதாவது, ரிம்முக்கும் தரைக்கும் நடுவே நிற்கிற ரப்பர்ச் சுவர் சுமார் 129 மில்லிமீட்டர். 19 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். வண்டியோடு வந்த டயரோ 235/65 R17. அதில் சுவர் சுமார் 153 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட ஓர் அங்குலக் காற்று மெத்தையைக் கழற்றிக் கடையில் கொடுத்துவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தை வாங்கிப் பூட்டியிருக்கிறேன்! பெரியவர் கண்ணால் பார்த்தே சொன்னது இதைத்தான். பெரிய ரிம்மின் கனம் வேறு. சக்கரம் கனக்கக் கனக்க, பள்ளத்தில் விழுந்து எழும்போது மேலே உள்ள வில்லை அதிகமாக உதைக்கும்.

இரண்டு டயரின் மொத்த உயரத்திலும் வித்தியாசம் 4 மில்லிமீட்டருக்குள்தான். ஆகையால் வேகம் காட்டும் முள் ஏமாற்றாது. ரிம் வாங்கும்போது துளைகளின் எண்ணிக்கை, அவை நிற்கும் வட்டத்தின் அளவு, நடுத் துவாரம், சக்கரம் எவ்வளவு உள்ளடங்கி நிற்கிறது என்பது எல்லாமே வண்டியோடு ஒத்துப்போக வேண்டும். உள்ளே பிரேக் தட்டாமல் இருக்க வேண்டும். கம்பெனி கொடுத்த அளவுக்கே திரும்பியதால் எங்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

அலாயா, இரும்பா என்று ஒரு வாக்குவாதம் நடந்தது. பள்ளத்தில் இடித்தால் இரும்பு ரிம் நெளியும், தட்டி நிமிர்த்தலாம். அலாய் சில சமயம் வெடித்துவிடும். "நெளிஞ்சாலும் வீடு வந்து சேரணுங்க" என்றாள் சகதர்மிணி. இரும்பு ஜெயித்தது. அழகு? கறுப்பு வர்ணம் அடித்த இரும்பை யார் அழகு என்பார்கள்!

டயர்க் கடையில் பெரிய பெரிய கட்டம் போட்ட, மலையேறுகிற டயரைக் காட்டினார்கள். கரிசல் காடு என்று சொன்னதால் வந்த வினை. அந்த ஜாதி, தாரில் இரைச்சல் போடும், சுவரும் விறைப்பு. மழைக் காலத்துக் கரிசலில் எந்த டயரும் எடுபடாது. களிமண் அப்பிக்கொண்டு சக்கரமே உருண்டையாகிவிடும்; மாட்டு வண்டிக்காரரே அப்போது இறங்க மாட்டார். நாங்கள் போவது தார்ச் சாலையில். அதற்கான சாதாரண டயரே போதும். டயரில் 104 H என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டோம். 104 என்றால் ஒரு டயர் 900 கிலோ தாங்கும். H என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை. நமக்கு வேகம் வேண்டாம், ஆனால் பாரத்துக்கான எண் கம்பெனி சொன்னதற்குக் கீழே போகக்கூடாது. கடைசியாக, நாலு இலக்கத்தில் டயரின் ஜாதகம் இருக்கிறது. 2325 என்றிருந்தால் 2025-ஆம் ஆண்டு 23-ஆவது வாரத்தில் பிறந்தது. நாலைந்து வருஷமாகக் கடையில் தூங்கிய டயரைத் தள்ளுபடியில் கொடுக்க வந்தார்கள். சகதர்மிணி அதைப் பாராமலே தள்ளுபடி செய்தாள்.

ஸ்டெப்னிக்கும் புது டயர் வாங்கினோம். திருச்சுழிப் பக்கம் சீமைக் கருவேல முள் எங்கும் உண்டு. (ஸ்டெப்னி என்பது வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரில் ஒரு தெருவின் பெயர். 1904-ல் அங்கே மாற்றுச் சக்கரம் செய்து விற்றார்கள். அந்தத் தெரு நம் பஞ்சர் கடை வரை வந்துவிட்டது!)

*

தை மாதம் இரண்டாவது தடவை புறப்பட்டோம். சீட்டுப் பார்த்துக் காற்று. பின்பக்கம் ஷாக் புதிது. கறுப்பு இரும்புச் சக்கரம். பாலத்து இணைப்பில் "டொக்" என்பது "தொப்" ஆகியிருந்தது. அருப்புக்கோட்டையில் மல்லிகை வாங்கினோம். கிழக்கே திரும்பியதும் நான் கண்ணாடியில் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். வண்டி அலையில் ஏறி இறங்கியது. ஆனால் ஒரு தடவை ஏறினால் ஒரு தடவைதான் இறங்கிற்று.

குண்டாற்றங்கரையில் இருக்கிறது திருச்சுழி. பிரளய வெள்ளத்தைச் சிவபெருமான் சூலத்தால் துளையிட்டுச் சுழித்து உள்ளே போகச் செய்ததால் இந்தப் பெயர் என்பார்கள். சுவாமி திருமேனிநாதர்; சுந்தரரின் தேவாரம் பெற்ற தலம். கோயிலுக்குப் பக்கத்திலேயே ஸ்ரீரமணர் 1879 டிசம்பர் 30-ஆம் தேதி அவதரித்த இல்லம், சுந்தர மந்திரம் என்ற பெயரில் இருக்கிறது. 1896-ல் மதுரையை விட்டுப் புறப்பட்டு, ரயிலும் நடையுமாகத் திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தவர் அவர். டயரைப் பற்றிய கவலை ஏதும் அவருக்கு இருந்ததில்லை.

கோயில் வாசலில் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். அம்மா மருமகள் தோளில் சாய்ந்து, வாயை லேசாகத் திறந்து, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மெதுவாகத் தொட்டு எழுப்பினேன். கண்ணைத் திறந்து கோபுரத்தைப் பார்த்தாள். கும்பிட்டாள். உடனே முகம் சுண்டிவிட்டது.

"ஏம்ப்பா, அந்தக் கண்மாய்க் கரைப் பனைமரமெல்லாம் பார்க்கணும்னுதானே வந்தேன்? என்னை ஏன் எழுப்பலே?"

தரிசனம் முடிந்ததும் வண்டியைத் திருப்பினேன். அருப்புக்கோட்டைச் சாலையில் ஐந்து கிலோமீட்டர் போய், மறுபடியும் திருச்சுழிக்கு வந்தோம். இந்தத் தடவை அம்மா முன் ஸீட்டில்.