தொட்டுப் பார்க்கலாம், வாருங்கள்!

பொருட்காட்சிசாலை என்றவுடன் உங்கள் ஞாபகத்துக்கு வருவது எது? "பொருள்களைத் தொடாதீர்கள்" என்று கொட்டை எழுத்தில் எழுதிய பலகைதானே? கண்ணாடிப் பெட்டிக்குள் ஏதோ ஒரு பழைய வாள், பக்கத்தில் முறைத்துப் பார்க்கும் காவலர், குழந்தையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "சும்மா வா! எதையாவது உடைத்து வைக்காதே!" என்று அடிக்குரலில் அதட்டும் தாயார். நம்மில் எத்தனையோ பேர் இப்படித்தான் காட்சிசாலை பார்த்திருக்கிறோம். கால் வலியோடு வீடு திரும்பியும் இருக்கிறோம்.

இப்போது உங்களை அழைத்துப் போகப் போவது இதற்கு நேர்மாறான ஓர் இடத்துக்கு. அங்கே எதையும் தொடாமல் திரும்பி வந்தால்தான் குற்றம்! அமெரிக்காவின் மேற்குக் கரையில், ஸான்பிரான்ஸிஸ்கோ நகரத்தில் இருக்கும் 'எக்ஸ்ப்ளோரடோரியம்' என்ற விஞ்ஞானக் காட்சிசாலை அது. வேடிக்கை பார்க்க வந்தவர்களாக அல்லாமல், அங்கே உதவி செய்ய வந்த தொண்டராக உங்களை நினைத்துக்கொண்டு உள்ளே வாருங்கள். அப்போதுதான் அந்த இடத்தின் ரகசியம் புரியும்.

கடல் மேல் ஒரு கட்டடம்

முதலில் ஸ்வெட்டரை மாட்டிக்கொள்ளுங்கள். ஜூலை, ஆகஸ்டு என்று கோடைகாலக் கணக்குப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அந்த மாதங்களில்தான் பசிபிக் கடலிலிருந்து மூடுபனி புறப்பட்டு வந்து நகரத்தையே போர்த்துக்கொள்ளும். கடற்கரையை ஒட்டி எம்பார்க்கடெரோ என்ற அகன்ற சாலை. பழைய காலத்து டிராம் வண்டிகள் அதில் கணகணவென்று மணியடித்துக்கொண்டு போகின்றன. கடிகாரக் கோபுரத்துடன் நிற்கும் படகுத்துறைக் கட்டடத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வடக்கே நடந்தால், பதினைந்தாம் எண் கப்பல் துறை. அதுதான் நாம் தேடி வந்த இடம்.

2013-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில்தான் காட்சிசாலை இந்தத் துறைக்குக் குடி வந்தது. கூரை முழுவதும் சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்கும் தகடுகள். கட்டடத்தைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் காலடியில் அலையடிக்கும் வளைகுடாத் தண்ணீரே உதவுகிறது. உள்ளே போகும் முன்பே பாடம் ஆரம்பமாகிவிடுகிறது, பார்த்தீர்களா?

மாட்டுப் பண்ணையில் இருந்த விஞ்ஞானி

இந்த ஸ்தாபனம் பிறந்த கதை ஒரு தொடர்கதைக்குச் சமானம். இதை உண்டாக்கியவர் பிராங்க் ஆப்பன்ஹீமர். அணுகுண்டு ஆராய்ச்சியை நடத்திய ராபர்ட் ஆப்பன்ஹீமரின் தம்பி. 1912-ல் பிறந்த இவரும் பௌதிக விஞ்ஞானிதான். அந்த ஆராய்ச்சியில் அண்ணனோடு வேலை செய்தவர். யுத்தம் முடிந்த பிறகு மின்னஸோட்டா சர்வகலாசாலையில் ஆசிரியராக இருந்தார்.

1949-ல் அமெரிக்கப் பாராளுமன்றத்தின் விசாரணைக் குழு ஒன்று அவரைக் கூப்பிட்டது. இளம் வயதில் தாமும் மனைவி ஜாக்கியும் கம்யூனிஸ்டுக் கட்சியில் இருந்ததை அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் நண்பர்களின் பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டபோது மறுத்துவிட்டார். வேலை போயிற்று. கற்றுக் கொடுப்பதையே உயிராக நினைத்தவருக்கு எந்தச் சர்வகலாசாலையின் கதவும் திறக்கவில்லை. தந்தை வழியில் வந்த வான்கோ ஓவியம் ஒன்றை விற்று, கொலராடோ மலைப் பிரதேசத்தில் நிலம் வாங்கி, கணவனும் மனைவியும் மாட்டுப் பண்ணை நடத்தினார்கள். ஏறக்குறையப் பத்து வருஷம் இப்படிக் கழிந்தது.

1957-ல் பக்கத்திலிருந்த பகோஸா ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரின் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லிக் கொடுக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. அவர் என்ன செய்தார் தெரியுமா? பிள்ளைகளைப் பழைய இரும்புக் கிடங்குக்கு அழைத்துப் போனார். உடைந்து கிடந்த மோட்டார் பாகங்களைக் கையில் எடுத்துப் புரட்டச் சொன்னார். விஞ்ஞானம் கையிலிருந்து மூளைக்கு ஏறுகிற சங்கதி என்பது அங்கே அவருக்கு உறுதியாயிற்று. பின்னர் கொலராடோ சர்வகலாசாலையில் இடம் கிடைத்தது. 1965-ல் ஐரோப்பாவுக்குப் போய் அங்குள்ள விஞ்ஞானக் காட்சிசாலைகளைப் பார்த்தார். பாரிஸ் நகரத்தில் மாணவர்களே நின்று வந்தவர்களுக்குச் சோதனைகளைச் செய்து காட்டுவதைக் கண்டு மனம் பூரித்தார்.

1969-ம் ஆண்டு இலையுதிர் காலத்தில், ஆரவாரம் ஏதும் இல்லாமல் ஸான்பிரான்ஸிஸ்கோவில் கதவைத் திறந்துவிட்டார்! 1915-ல் நடந்த உலகப் பொருட்காட்சிக்காகக் கட்டிய 'நுண்கலை மாளிகை'தான் முதல் வீடு. கூடவே நின்று உழைத்தவர் ஜாக்கி. காட்சிகளுக்கான விளக்கப் பலகைகளும் படங்களும் தயாராகும் பகுதியை அவர் கவனித்துக்கொண்டார். கைக்காசு குறைவு; ஆட்கள் குறைவு. தொண்டர்களின் கைகளும் சேர்ந்துதான் அந்தத் தேரை நிலையிலிருந்து கிளப்பின. 1985-ல் கண்ணை மூடும் வரையில் பிராங்க்தான் அதன் தலைவர்.

பதில் சொல்லாதே!

சரி, தொண்டராக வந்த உங்களுக்கு என்ன வேலை? அங்கே ஆரஞ்சு நிற மேலங்கி அணிந்த இளைஞர்களும் யுவதிகளும் நடமாடுகிறார்கள். 'எக்ஸ்ப்ளெய்னர்' என்று அவர்களுக்குப் பெயர். ஆரம்ப நாளிலிருந்தே உயர்நிலைப் பள்ளி மாணவர்களைச் சம்பளம் கொடுத்து இந்த வேலைக்கு அமர்த்தி வருகிறார்கள். வகுப்பில் முதல் மார்க்கு வாங்குகிறவர்களாகப் பொறுக்கி எடுக்கும் வழக்கம் கிடையாது. பல வகைக் குடும்பங்களிலிருந்தும் பிள்ளைகள் வரவேண்டும் என்பதே பிராங்கின் விருப்பம். இவர்களோடு தொண்டர்களும் சேர்ந்து வந்தவர்களை வரவேற்பது, சோதனை மேஜைகளில் கூட நிற்பது என்று கை கொடுப்பது உண்டு.

'எக்ஸ்ப்ளெய்னர்' என்றால் விளக்குகிறவர் என்று அர்த்தம். ஆனால் இங்கே கற்றுக்கொள்ள வேண்டிய முதல் பாடம், சட்டென்று விளக்கிவிடக் கூடாது என்பதுதான்! ஒரு குழந்தை ஓடி வந்து, "இது ஏன் இப்படி ஆகிறது?" என்று கேட்கிறது. பதில் உங்கள் நாக்கு நுனியில் துடிக்கிறது. சொல்லிவிட்டால் குழந்தை தலையை ஆட்டிவிட்டு அடுத்த இடத்துக்கு ஓடிவிடும். "நீ என்ன நினைக்கிறாய், கண்ணு? இன்னொரு தடவை செய்து பார்க்கலாமா?" என்று கேட்டால் அங்கேயே நின்றுவிடும். வீட்டில் நாலு பேருக்கு ஓயாமல் பதில் சொல்லியே பழகிய நமக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று நினைத்துப் பாருங்கள்!

உதாரணத்துக்கு ஒரு பெரிய ஊசற்குண்டு தொங்குகிறது. நல்ல கனம். உங்கள் கையில் கொடுப்பது ஒரு நூலும், நுனியில் கட்டிய சிறிய காந்தமும்தான். காந்தத்தைக் குண்டில் ஒட்டவிட்டு நூலால் இழுக்க வேண்டும். பலத்தோடு இழுத்தால் காந்தம் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், குண்டு அசையாது. ஆனால் துளி இழுத்து, விட்டு, அது உங்கள் பக்கம் திரும்பி வரும் நேரம் பார்த்து மறுபடியும் துளி இழுத்தால்? கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டம் ஏறி, அந்தக் கனமான குண்டு ஊஞ்சல் போல வீசி ஆடும்! தொட்டிலை ஆட்டிய கைகளுக்கு இந்தச் சூட்சுமம் தெரியாதா என்ன? குழந்தைக்கு உதவுகிற விதமும் இதுவேதான். நேரம் பார்த்து ஒரு சின்ன இழுப்பு போதும்.

இன்னொரு பக்கம், குடிதண்ணீர்க் குழாய். ஆனால் தண்ணீர் பீச்சிக்கொண்டு வருவது கழிவறைப் பீங்கானுக்குள்! அந்தப் பீங்கான் யாரும் உபயோகிக்காத புதுச் சரக்கு. தண்ணீரும் சுத்தமான குடிதண்ணீர். அறிவு "குடி" என்கிறது, மனம் "சீ!" என்கிறது. பாட்டனார் முகத்தைத் திருப்பிக்கொள்ள, பேத்தி குனிந்து ஒரு வாய் குடித்துவிட்டுச் சிரிக்கும் காட்சிக்கு இதைவிடப் பொருத்தமான இடம் ஏது? ஆசாரம் என்பதும் ஆராய்ச்சிக்கு உரிய விஷயம்தான் போலிருக்கிறது!

மாட்டின் கண்ணை அறுத்துக் காட்டும் மேஜையும் உண்டு. இறைச்சிக் கூடத்திலிருந்து வரும் கண்கள் அவை. நமக்கு மனம் சங்கடப்படத்தான் செய்யும். விலகி நிற்பவர்களை யாரும் வற்புறுத்துவதில்லை. ஆனால் உள்ளே இருக்கும் பளிங்கு போன்ற வில்லையை எடுத்துப் பத்திரிகைத் தாளின் மேல் வைத்ததும், எழுத்துக்கள் பெரிதாகத் தெரியும். காதைப் பொத்திக்கொண்டு மூலையில் நின்ற பெண்கூட அப்போது எட்டிப் பார்க்காமல் இருக்கமாட்டாள்.

ஒதுங்கி நிற்கும் பெண்

அந்தப் பெண்ணைப் பற்றித்தான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வேண்டும். 2001-ல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. இதே காலிபோர்னியா மாகாணத்தில், குழந்தைகள் தொட்டு விளையாடும் ஒரு காட்சிசாலையில், பெற்றோர் தங்கள் குழந்தைகளோடு என்ன பேசுகிறார்கள் என்று பதிவு செய்து பார்த்தார்கள். "இதைத் திருப்பு, அதை அழுத்து" என்று சொல்வதில் ஆண், பெண் என்ற வித்தியாசம் இல்லை. ஆனால் 'இது ஏன் இப்படி நடக்கிறது' என்ற விளக்கம் மட்டும் பையன்களுக்கு மூன்று மடங்கு அதிகமாகக் கிடைத்ததாம்! யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. பெண்ணிடம் பிரியமில்லாத பெற்றோரும் அல்லர். தம்மை அறியாமலே அப்படிப் பேசியிருக்கிறார்கள்.

அமெரிக்காவிலேயே இந்தக் கதி என்றால், நம் வீட்டுக் கூடத்திலும் அடுக்களையிலும் எப்படி என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள். மின்விசிறி ரிப்பேரானால் யாரை அருகில் கூப்பிட்டுக் காட்டுகிறோம்? பிரஷர் குக்கர் ஏன் விஸில் அடிக்கிறது என்று யாரிடம் சொல்கிறோம்? பெண்ணிடம் "அரிசியை எடுத்துக்கொண்டு வா" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இந்தப் பெண்தான் நாளைக்கு, "எனக்கு ஸயன்ஸ் எல்லாம் வராது" என்று சொல்லிக்கொண்டு, தன் குழந்தையோடு காட்சிசாலைக்கு வந்து, சுவரோரமாக நிற்பாள்.

தொண்டரின் கண் தேட வேண்டியது அவளைத்தான். துள்ளி ஓடி வந்து விசையைத் திருப்பும் பையனுக்கு உங்கள் உதவி அவ்வளவாகத் தேவையில்லை. சுவரோரமாக நிற்கும் தாயாரிடமும் மகளிடமும் போய், "நீங்கள் ஒரு தடவை இழுத்துப் பாருங்களேன்!" என்று நூலை நீட்ட வேண்டும். காட்சிசாலையில் யாரும் பரீட்சையில் தவறுவதில்லை என்று பிராங்க் ஆப்பன்ஹீமர் சொல்வதுண்டு. மார்க்கு இல்லை, தலை குனிய வேண்டிய அவசியம் இல்லை. ஒரு காலத்தில் கதவுகள் எல்லாம் மூடிக்கொண்ட மனிதர் கட்டிய இடம் அல்லவா? அதனால்தானோ என்னவோ, யாரையும் அது வெளியே நிறுத்துவதில்லை.

வீட்டிலேயே ஒரு காட்சிசாலை

கப்பல் துறை வரை போக முடியாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். இந்த ஸ்தாபனத்தார் தங்கள் காட்சிகளைச் செய்யும் விதத்தை எழுதி வைத்த புத்தகங்களுக்கு இட்ட பெயர் என்ன தெரியுமா? 'சமையல் புத்தகம்'! மற்ற ஊர்க் காட்சிசாலைகள் பார்த்துச் செய்துகொள்ளட்டும் என்று பாகம் பாகமாக வெளியிட்டார்கள். 1991-ல் வீட்டிலும் பள்ளியிலும் செய்யக்கூடிய சின்னச் சோதனைகளைத் தொகுத்தபோது, அதற்குப் 'பலகாரப் புத்தகம்' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். பட்சணம் நம் கைவசம் அல்லவா?

அந்த ரகத்தில் ஒன்று. வெள்ளைத் தாளில் இடப்பக்கம் ஒரு கூட்டல் குறி. அதற்கு நேராக வலப்பக்கம் மூன்று அங்குலம் தள்ளிக் கறுப்பாக ஒரு பொட்டு. இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால் கூட்டல் குறியையே பார்க்க வேண்டும். தாளைக் கை நீட்டிப் பிடித்து, மெதுவாக முகத்தருகே கொண்டு வாருங்கள். ஏறக்குறைய ஓரடித் தூரத்தில் பொட்டு மாயமாக மறைந்துவிடும்! கண்ணிலிருந்து நரம்பு மூளைக்குப் புறப்படும் இடத்தில் பார்வை கிடையாது. பொட்டின் பிம்பம் அங்கே விழுவதுதான் காரணம்.

உங்கள் பெண்ணைக் கூப்பிட்டு, தாளை அவள் கையில் கொடுங்கள். "பொட்டு எங்கே போயிற்று, அம்மா?" என்று அவள் கேட்பாள். இப்போது படித்த காரணம் உங்கள் நாக்கு நுனிக்கு வரும். அதை விழுங்கிவிட்டு, "நீ என்னடி நினைக்கிறாய்?" என்று கேளுங்கள்.