ஸ்டிக்கருக்கு அடியில்

ஜனவரி 5, திங்கள்

கும்பகோணத்தில் அத்தை நடத்தும் ஜெராக்ஸ் கடைக் கணினிக்கு ஒரு எஸ்எஸ்டி வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பு, டைப்பிங், அரசு விண்ணப்பங்கள் என்று நாள் முழுக்க ஓடும் கணினி அது. காலையில் அதைப் போட்டு டெஸ்க்டாப் வந்து நிலைப்பதற்குள் வாசலில் ஆள் சேர்ந்துவிடுகிறது. அதில் இருப்பது ஹார்ட் டிஸ்க். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க் தட்டில் ஒரு சிறு கோப்பைத் தேடிப் பிடிக்க ஏறக்குறைய 10 மில்லி செகண்ட் ஆகும். எஸ்எஸ்டிக்கு அதில் நூறில் ஒரு பங்கு போதும். விண்டோஸ் எழுந்து நிற்க ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தொட வேண்டியிருப்பதால் இந்த வித்தியாசம் கண்ணெதிரே தெரியும்.

வாங்குவதா என்பதில் குழப்பமில்லை. எந்தப் பெயரில் வாங்குவது என்பதில்தான் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக்கான சர்வர்கள் நினைவகச் சிப்புகளை அள்ளிக்கொண்டு போவதால் விலை ஏறியபடி இருக்கிறது. 2025 டிசம்பரில் சிப் தயாரிக்கும் மைக்ரான் நிறுவனம், க்ரூஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்ததையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. அத்தை ஒதுக்கியிருக்கும் பணத்துக்குக் கிடைப்பவை எல்லாம் நான் கேள்விப்படாத பெயர்கள்.

ஜனவரி 7, புதன்

இரவு உட்கார்ந்து படித்தேன். எஸ்எஸ்டிக்கு உயிர் கொடுக்கும் நேண்ட் சிப்பைச் செய்பவர்கள் உலகத்திலேயே ஒரு கைப்பிடிதான்: சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான், ஒரே ஆலைகளைப் பகிர்ந்துகொள்ளும் கியோக்ஸியாவும் சான்டிஸ்க்கும், சீனாவின் ஒய்எம்டிசி. அந்தச் சிப்பை ஆளும் கன்ட்ரோலரும் ஃபைசான், சிலிக்கான் மோஷன், ரியல்டெக், மேக்ஸியோ போன்ற சிலரிடமிருந்தே பெரும்பாலும் வருகிறது. பெயர் தெரியாத டிரைவ் என்பது இவர்களிடம் வாங்கியதைப் பலகையில் பொருத்தி ஸ்டிக்கர் ஒட்டியதுதான்.

அதற்காக எல்லாம் ஒன்று என்று ஆகிவிடாது. தரம் பிரிக்கும்போது முதல் தரத்தில் தேறாத சிப்புகளும் சந்தைக்கு வருகின்றன. பழைய சாதனங்களிலிருந்து பெயர்த்தெடுத்தவையும் வருகின்றன. சிப் வகை இன்னொன்று. டிஎல்சி என்றால் ஒரு செல்லில் 3 பிட். அதற்கு மின்னூட்டத்தை 8 நிலைகளாகப் பிரித்தறிய வேண்டும். கியூஎல்சி என்றால் 4 பிட், 16 நிலைகள். நிலைகள் நெருங்க நெருங்க எழுதுவது மெதுவாகும், செல்லும் சீக்கிரம் தேயும். இந்த மந்தத்தை மறைக்கத்தான் காலி இடத்தை ஒரு செல்லுக்கு ஒரு பிட் என்று வேகமாக எழுதிவைத்து, பிறகு நிதானமாக அடுக்கிக்கொள்கிறார்கள். பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகம் அந்த முதல் ஓட்டத்தின் வேகம்.

பெரிய பெயரை எடுத்தால் கவலையில்லை என்றும் சொல்ல முடியவில்லை. 2021-இல் க்ரூஷியல் பி2, டிஎல்சியிலிருந்து கியூஎல்சிக்கு மாறியது; டபிள்யூடி ப்ளூ எஸ்என்550-இன் நேண்டும், சாம்சங் 970 ஈவோ பிளஸ்ஸின் கன்ட்ரோலரும் மாறின. மூன்றிலும் பெயர் அப்படியே இருந்தது. இதைப் படித்தபின் எனக்கு ஒரு முடிவு வந்தது. எழுத்தில் எதற்கெல்லாம் பொறுப்பேற்கிறது என்பதைப் பார்த்தே ஒரு கம்பெனியை எடைபோட வேண்டும். சிப் வகை, மொத்தம் எத்தனை டெராபைட் எழுதலாம் என்ற டிபிடபிள்யூ எண், வாரண்டி ஆண்டு, சர்வீஸ் சென்டர் முகவரி ஆகியவற்றை அச்சிடும் சின்ன கம்பெனியை நான் நம்பத் தயார்.

ஜனவரி 10, சனி

சென்னை ரிச்சி தெரு. பொங்கலுக்கு முந்தைய சனிக்கிழமை என்பதால் நரசிங்கபுரம் தெருவரை கூட்டம். முதல் கடையில் எடுத்துக் காட்டிய டிரைவின் பெட்டியில் நொடிக்கு 3500 எம்பி 'வரை' என்று பெரிய எழுத்தில் இருந்தது. வேறு எதுவும் இல்லை.

"உள்ள என்ன சிப்புண்ணே? டிஎல்சியா?"

"எல்லாம் ஒண்ணுதான் சார். மூணு வருஷம் வாரண்டி. போச்சுன்னா கொண்டு வாங்க, மாத்தித் தர்றேன்."

அவர் மாற்றித் தருவார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மாற்றித் தருவது புது டிரைவை. அத்தை வருஷக்கணக்காகச் சேர்த்த பத்திரிகை மாதிரிகளும், வாடிக்கையாளர் கோப்புகளும் எந்த வாரண்டியிலும் திரும்பி வராது.

இன்னொரு கடையில் வேறொரு பெயர். அதையும் நான் கேள்விப்பட்டதில்லை. பெட்டியின் பின்பக்கம் டிஎல்சி என்று இருந்தது. 512 ஜிபிக்கு 300 டிபிடபிள்யூ, ஐந்து வருஷ வாரண்டி, சென்னையிலேயே சர்வீஸ் சென்டர். நாளொன்றுக்கு 20 ஜிபி எழுதினாலும் 300 டெராபைட்டைத் தொட 40 ஆண்டு தாண்டும். ஆகவே அந்த எண்ணை ஆயுள் கணக்காக நான் எடுத்துக்கொள்ளவில்லை. இத்தனைக்குப் பொறுப்பு என்று அச்சிடும் துணிவு அவர்களுக்கு இருக்கிறது என்பதே எனக்கு வேண்டியது.

கடைக்காரர் முதலில் எடுத்தது, போர்டிலேயே செருகும் எம்.2 வடிவத்தில் சாட்டா இணைப்பு வகை. இணைப்பு முனையில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒரே வெட்டு என்றால் என்விஎம்இ. அத்தை கடை போர்டு என்விஎம்இ மட்டும்தான் ஏற்கும். போட்டோ அனுப்பச் சொல்லி முன்பே பார்த்து வைத்திருந்தேன். மாற்றித் தந்தார். ஜிஎஸ்டி பில்லில் சீரியல் நம்பரை எழுதி வாங்கிக்கொண்டேன்.

ஜனவரி 12, திங்கள்

ஊருக்கு எடுத்துப் போகுமுன் வீட்டுக் கணினியில் சோதனை. பெயர் தெரியாத டிரைவ் வாங்குகிறவர்கள் இதைத் தவறவிடக் கூடாது என்பேன். முதலில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் டிரைவ் ஓடிய மணி நேரம்: புதுசுக்கு உரிய அளவில்தான் இருந்தது. பிறகு ஹெச்2டெஸ்ட்டபிள்யூ கொண்டு கடைசி பைட் வரை நிரப்பி, எழுதியதைத் திரும்பப் படிக்கவைத்தேன். சில போலி டிரைவ்கள் 512 என்று சொல்லிக்கொண்டு உள்ளே அதில் சிறு பகுதிதான் வைத்திருக்கும். முழுக்க நிரப்பினால்தான் அது அம்பலமாகும்.

நிரப்பும்போது வேகத்தையும் கவனித்தேன். கொள்ளளவில் ஏறக்குறைய கால்வாசி வரை சீறியது, பிறகு இறங்கியது. இறங்கியும் பழைய ஹார்ட் டிஸ்க்கைவிடப் பல மடங்கு வேகம். கியூஎல்சி டிரைவ்களில் சில இந்த இடத்தில் நொடிக்கு 100 எம்பி வரை சரிந்துவிடும். சிப்பின் அடையாளத்தைப் படிக்கும் மென்பொருளும் டிஎல்சி என்றே காட்டியது. பெட்டியில் போட்டதும் உள்ளே இருப்பதும் ஒத்துப்போனதில் எனக்குப் பெரிய நிம்மதி.

ஜனவரி 16, வெள்ளி, கும்பகோணம்

மாட்டுப் பொங்கல், கடை விடுமுறை. பழையதிலிருந்து அப்படியே நகலெடுத்துப் பொருத்தினேன். போட்டதும் எழுந்தது.

"அப்ப பழைய டிஸ்க்கத் தூக்கிப் போட்டுடலாமாப்பா?" என்றார் அத்தை.

"வேண்டாம் அத்தை. ஹார்ட் டிஸ்க்னா போறதுக்கு முன்னாடி பல நேரம் கடகடன்னு சத்தம் போடும், மெதுவாகும். இது பெரும்பாலும் சொல்லிக்காம போயிடும்."

அதற்கு நல்ல சான்று பெரிய கம்பெனியிடமே இருக்கிறது. ஹெச்பிஇ நிறுவனம் தன் சர்வர்களுக்கு விற்ற சில எஸ்எஸ்டிகள், ஃபர்ம்வேர் கோளாறால் சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும் மொத்தமாகச் செத்துவிடும் என்று 2019 நவம்பரில் அந்த நிறுவனமே அறிவித்தது. நிற்காமல் ஓடினால் அது மூன்றே முக்கால் ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. ஒன்றாக வாங்கி ஒன்றாக ஓடவிட்டவை சேர்ந்தே போகும். அதனால் பேக்கப்பை இதே மாதிரி இன்னொரு டிரைவில் வைக்க எனக்கு மனமில்லை. எஸ்எஸ்டியை பீரோவில் பூட்டி வைப்பதும் சரியல்ல: தேய்ந்து முடிந்த நிலையில், மின்சாரம் இல்லாமல், 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு தரவு நிற்க வேண்டும் என்பதே ஜெடெக் அமைப்பின் தரவிதி. நம் ஊர் சித்திரை வெயில் அதற்கு மேலே போகும்.

பழைய ஹார்ட் டிஸ்க்கை ஒரு கேஸில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். வெள்ளிதோறும் கடை பூட்டுமுன் கோப்புகளை அதில் ஏற்றி, கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போவதாக அத்தை ஒப்புக்கொண்டார்.

ஜனவரி 18, ஞாயிறு

பக்கத்து ஸ்டூடியோக்காரர் வந்து பார்த்தார். இதையே கல்யாண வீடியோவுக்கு வாங்கலாமா என்றார். வேண்டாம் என்றேன். ஒரே இரவில் சில நூறு ஜிபியை இறக்குகிறவருக்கு முதல் ஓட்டம் முடிந்தபின் வரும் வேகம்தான் உண்மையான வேகம். டிராம் நினைவகம் உள்ள, தொடர்ந்து எழுதும் வேகத்தைச் சோதித்துச் சொல்லியிருக்கும் டிரைவுக்கு அவர் கூடுதல் பணம் கொடுப்பதே நியாயம்.

அவருடைய பில் போடும் கணினிக்கு இதுவே போதும் என்றேன். அடுத்த சரக்கிலும் இதே சிப் வரும் என்று யாரும் உறுதி தர முடியாது. நான் வாங்கியதன் சிப், கன்ட்ரோலர், ஃபர்ம்வேர் விவரங்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, வாங்கிய அன்றே ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தாவிட்டால் பில்லோடு திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னேன்.