ராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

கட்டம் போட்ட நோட்டில் பென்சிலால் ஒரு நீண்ட பெருக்கல். கடைசிப் படியில் 15,43,78,22,400-ஐ 19-ஆல் பெருக்க வேண்டும். 20-ஆல் பெருக்கி, ஒரு பங்கைக் கழித்தேன். 2,93,31,86,25,600 வந்தது. இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு லட்சத்து இருபத்தைந்தாயிரத்து அறுநூறு என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். மனசு நிறைந்தது.

12-ஐ மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் ஆறு: 1, 2, 3, 4, 6, 12. அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் கிடையாது. இப்படித் தனக்குக் கீழுள்ள எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் மிஞ்சுபவற்றைப் பற்றித்தான் ராமானுஜன் 1915-இல் லண்டனில் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்ததற்கு அதுவே முக்கியக் காரணம். கும்பகோணத்தில் கல்லூரித் தேர்வில் தேறாமல் போனவருக்குக் கிடைத்த பட்டம் அது.

அந்தக் கட்டுரையில் 102 எண்கள் கொண்ட பட்டியல் ஒன்று இருக்கிறது. 67,46,32,83,88,800 வரை போகிறது. அதில் இடம்பெற வேண்டிய ஒரே ஓர் எண் விடுபட்டுவிட்டது. என் நோட்டில் இருப்பது அதுதான்.

அதைப் பிரித்துப் பார்த்தால் ஆறு 2, நான்கு 3, இரண்டு 5, இரண்டு 7, பிறகு 11, 13, 17, 19 ஒவ்வொன்று. ஒவ்வொரு எண்ணிக்கையோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் காரணிகளின் எண்ணிக்கை வந்துவிடும்: 7×5×3×3×2×2×2×2. மொத்தம் 5040. 1 முதல் 22 வரை எல்லா எண்களாலும் மீதியின்றி வகுபடும், 23-இடம்தான் மசியாது. ஆனால் வரிசையில் இதற்கு முன்னால் நிற்கும் 2,40,94,02,99,600, பின்னால் நிற்கும் 3,21,25,37,32,800 இரண்டிலும் 23 இருக்கிறது. அதைச் சேர்க்காமல், இன்னொரு 7-ஐ எடுத்துக்கொண்டு, நடுவில் தன் இடத்தைப் பிடித்திருக்கிறது இது.

அந்த 5040-ஐயும் விடக்கூடாது. அதற்கு 60 காரணிகள், 60-க்கு 12, 12-க்கு 6, 6-க்கு 4. இவை அத்தனையும் ராமானுஜனின் பட்டியலில் இருப்பவை. விடுபட்ட எண் தன் காரணிகளின் எண்ணிக்கை வழியே அந்தக் குடும்பத்துக்குள் படிப்படியாக இறங்கி வந்துவிடுகிறது.

ராமானுஜன் என்றாலே அவருக்கு எல்லாம் அருளால் கிடைத்தது என்று பேசிப் பழகிவிட்டோம். இந்த ஓர் இடைவெளி எனக்கு வேறொன்றைக் காட்டியது. ஓர் எண்ணைச் சரிபார்க்கவே எனக்கு நோட்டில் ஒரு பக்கம் ஆனது. நூற்றிரண்டையும் அவர் கையால் கணக்குப் போட்டு எடுத்திருக்கிறார். உழைத்த கையிலிருந்துதான் ஒன்று நழுவும்.

நான் எழுதி வைத்திருக்கும் அவருடைய பட்டியலில், அதற்கு முன்னும் பின்னும் நிற்கும் அந்த இரண்டு எண்களுக்கு நடுவே, பென்சிலைச் சீவிக்கொண்டு, பன்னிரண்டு இலக்கங்களையும் நிதானமாக எழுதினேன்.