உறுமி அடித்த பங்க்

தூத்துக்குடிப் பக்கம் கோயில் கொடை பார்த்தவர்களுக்கு உறுமிச் சத்தம் புதுசில்லை. அதே உறுமி 2006ல் ஒரு லண்டன் பாடகியின் பாட்டில் கேட்டது. பாட்டு 'பேர்ட் ஃப்ளூ'. பாடியவர் எம்.ஐ.ஏ. என்கிற மாதங்கி மாயா அருள்பிரகாசம். எதிர்க்கரைப் பெண், ஈழத்தமிழர்.

இவரை ராப், டான்ஸ் என்று ஏதாவது ஒரு பெட்டியில் போடுவார்கள். பங்க் என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள். கிதார் எங்கே, பேண்ட் எங்கே? ஆனால் 1976 வாக்கில் லண்டனில் பங்க் கிளம்பியபோது சொன்னதே, சங்கீதம் கற்று முடிக்கும்வரை காத்திருக்காதே, மூணு கார்டு தெரிந்தால் மேடை ஏறு என்பதுதான். மாயாவுக்கு அந்த மூணும் தெரியாது!

1975ல் லண்டனில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் போனவர். அப்பா அருளர் ஈரோஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், வீட்டில் இருந்தது குறைவு. இடையில் கொஞ்ச காலம் சென்னை. 1986ல் அகதியாக மறுபடி லண்டன். அம்மா கலா தையல் வேலை பார்த்துப் பிள்ளைகளை வளர்த்தார்.

கல்லூரியில் படித்தது சினிமா. பங்க் சாயல் உள்ள எலாஸ்டிகா பேண்டின் ஜஸ்டின் ஃப்ரிஷ்மன் இவருக்குத் தோழி. அவர்கள் சுற்றுப்பயணத்தை வீடியோ எடுக்கப் போன இடத்தில், பீச்சஸ் என்ற பாடகி ஒரு ரோலண்ட் எம்சி-505 பெட்டியைக் காட்டி, நீயே பாட்டுப் போடு என்றார். ஜஸ்டினிடம் அந்தப் பெட்டியை இரவல் வாங்கி ஆரம்பித்ததுதான் எல்லாம். 2003ல் 'கலாங்', வெறும் 500 இசைத்தட்டுகள். 2005ல் அப்பா பெயரில் 'அருளர்' ஆல்பம்.

அடுத்த ஆல்பத்தை அமெரிக்காவில் செய்ய நினைத்தார், விசா சிக்கலானது. சரி போ என்று சென்னை, டிரினிடாட், லைபீரியா என்று கிளம்பிவிட்டார். உறுமி வந்தது அப்படித்தான் (விசா ஆபீசுக்கு ஒரு நன்றி!). 2007ல் வந்த அந்த ஆல்பத்துக்கு அம்மா பெயர், 'கலா'. அதில் 'பேப்பர் பிளேன்ஸ்', பங்க் பேண்ட் தி கிளாஷின் 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' மெட்டின் மேல் கட்டியது. வெளிநாட்டுக்காரன் என்றாலே திருடனாகப் பார்ப்பவர்களைக் கிண்டல் செய்து, துப்பாக்கிச் சத்தமும் கல்லாப்பெட்டிச் சத்தமும். 2008ல் அமெரிக்கப் பட்டியலில் 4வது இடம்.

2009 பிப்ரவரியில், பிரசவத்துக்குக் குறித்த தேதியன்று, நிறைமாத வயிற்றோடு கிராமி மேடையில் பாடினார். வன்னியில் போர் உச்சத்தில் இருந்த நேரம். அதற்கு முந்தைய மாதம்தான் அமெரிக்க டிவியில் உட்கார்ந்து அங்கே தமிழர்கள் சாவதைச் சொல்லியிருந்தார். அது பெரிய செய்தியாகவில்லை. 2012ல் சூப்பர் பௌல் மேடையில் நடுவிரலைக் காட்டினார். அது உலகச் செய்தி. 1.66 கோடி டாலர் கேட்டார்கள், 2014ல் சமரசமானது.

2020 ஜனவரியில் பிரிட்டிஷ் அரசின் எம்.பி.இ. பதக்கம் வாங்கிக்கொண்டார். பங்க் ஆள் அரண்மனைக்குப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல்: லண்டன் வந்த நாளிலிருந்து அந்தப் பதக்கங்களைக் கையால் தைத்துக்கொடுத்தவர்களில் ஒருவர், அம்மா கலா.