மூலை நசுங்காத பெட்டி

இரண்டாம் ஆண்டு இயற்பியல் மாணவன்

பெட்டி வந்துவிட்டது என்று அம்மா கைப்பேசியில் சொன்னதிலிருந்து எனக்குக் கால்கள் தரையில் பாவவில்லை. கடைசி வகுப்பு முடிந்ததும் ஓட்டமும் நடையுமாய் வீடு வந்து சேர்ந்தேன்.

உள்ளே இருந்தது ஒரு பழைய ரெக்கார்டு பிளேயர். ஞாயிறுதோறும் கல்யாணப் பந்திகளில் பரிமாறிச் சேர்த்த 4,500 ரூபாய்க்கு, இணையத்தில் வெளியூர்க்காரர் ஒருவரிடம் வாங்கியது. தெருமுனைத் தேநீர்க்கடைக்காரர் கடையை மூடியபோது கொடுத்த பதினொரு இசைத்தட்டுகள் எங்கள் வீட்டுப் பரணில் இரண்டு வருடமாய் ஊமையாய்க் கிடந்தன.

ஆவலில் பிளேடால் கிழித்துவிட்டேன். பிரிப்பதைப் படம் பிடித்து வைக்கவேண்டும் என்ற அறிவு அப்போது வரவில்லை! மேல்மூடி விரிசல் கண்டிருந்தது. ஊசியைத் தாங்கும் கை வளைந்து, அடியிலிருந்தே ஆடியது. சுழலும் தட்டு அச்சை விட்டு எகிறிக் கிடந்தது.

"தூக்கிப் போட்டிருக்கானுங்க! மூட்டை தூக்குறவனுக்கு இதோட அருமை எங்கே தெரியப் போகுது?" என்று கத்தினேன்.

கத்திய பிறகுதான் உறைத்தது. வாசற்படியில் அப்பா உட்கார்ந்திருந்தார். இருபத்தைந்து ஆண்டுகளாய் லாரி பார்சல் ஆபீசில் மூட்டை தூக்குபவர். என் தேர்வுக் கட்டணமும் நான் உடுத்தியிருந்த சட்டையும் அந்தத் தோளிலிருந்து இறங்கியவை. அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தமிழ் போதாது.

அப்பா எழுந்து வந்தார். நான் வீசியெறிந்த அட்டைப்பெட்டியை எடுத்து, விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எட்டு மூலைகளையும் விரலால் தடவினார்.

"கீழ போட்டிருந்தா மூலை நசுங்கும் தம்பி. இதுல ஒண்ணும் நசுங்கல. உள்ள பாரு, ரெண்டு பேப்பர்தான் வச்சிருக்காங்க. வண்டி குலுங்குனதுல பொருளே பொருளை இடிச்சிருக்கு."

நிலைமத்தைப் பற்றி முதலாண்டுத் தேர்வில் இரண்டு பக்கம் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான்! லாரி நின்றாலும், கழற்றாமல் விட்ட கனமான தட்டு நிற்காது. கட்டாமல் விட்ட கை ஒவ்வொரு குலுக்கலுக்கும் துள்ளும். தட்டைக் கழற்றித் தனியே சுற்ற வேண்டும், கையை அதன் தாங்கியோடு கட்ட வேண்டும், கையின் பின்னாலுள்ள எதிரெடையை எடுத்துவிட வேண்டும் என்பதையெல்லாம் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

விற்றவரோ, அனுப்பும்போது நன்றாக இருந்தது, பார்சல்காரரைக் கேள் என்றார். பார்சல்காரர்கள் காப்பீடு செய்யவில்லையே என்றார்கள். நானாயிருந்தால் அத்தோடு விட்டிருப்பேன். அப்பா சொன்னபடி பெட்டியின் ஆறு பக்கங்களையும், எட்டு மூலைகளையும், அந்த இரண்டு தாள்களையும் படமெடுத்து அனுப்பினேன். இரண்டு நாள் பதிலே இல்லை. மூன்றாம் நாள், திருப்பி அனுப்பினால் 3,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். அனுப்பும் செலவு என் தலையில்தான். ஒப்புக்கொண்டேன்.

அன்றிரவு அப்பா ஒரு பெரிய அட்டைப்பெட்டியும் ஒரு கட்டு வைக்கோலும் கொண்டுவந்தார். தட்டைப் பழைய வேட்டியில் சுற்றினார். கையை நூலால் கட்டினார். சிறிய பெட்டியைப் பெரிய பெட்டிக்குள் இறக்கி, சுற்றிலும் நான்கு விரற்கடை வைக்கோல் திணித்தார்.

"அப்பா, அன்னைக்கு நான்..." என்று தொடங்கினேன்.

"அந்த முனையைப் பிடி" என்றார்.

ஒட்டி முடித்ததும் பெட்டியை என் கையில் கொடுத்தார். "ஆட்டிப் பாரு. உள்ள ஏதாச்சும் சத்தம் கேக்குதா?"

காதை வைத்துக் கேட்டேன். ஒன்றுமில்லை.

"சரி. காலையில நானே வண்டியில ஏத்திடறேன்" என்று சொல்லிவிட்டு, கை கழுவப் போனார்.